ஒரு பேசின் புழு (உயிருடன்)

கிவாலுசா மாவட்டக் கால்நடை அலுவலகத்தின் வாசலில் ஒரு பலகை உண்டு. 'எழுதப்படாத மாடு மாடே அல்ல' என்று அதில் எழுதியிருக்கும். அந்தப் பலகைக்குக் கீழே முப்பது வருடமாக மாடுகள் சாணி போட்டுக்கொண்டிருக்கின்றன. சாணியைப் பற்றிப் பலகை எதுவும் சொல்லாததால் இதுவரை யாரும் அதை அள்ளியதில்லை.

கியிம்பாவுக்கு மாடு கிடையாது. பஸ் நிலையத்துக்கு எதிரே முட்டைச் சப்பாத்தி போட்டு விற்பவன் அவன். கடை முடிந்தால் முட்டை ஓடு, கோஸின் மேல் இலை, தக்காளிக் காம்பு என்று ஒரு வாளி மிஞ்சும். அதை அவன் வாடகை அறைக்குப் பின்னால், சுவர் நிழலில் இருக்கும் பெரிய நீலப் பேசினுக்குக் கொண்டுபோவான். பேசினில் சிவப்புப் புழுக்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கைப்பிடியாக வந்தவை. இன்று மேல் ஈரச் சாக்கைத் தூக்கினால் சேமியா கொதிப்பதுபோல் நெளியும். ஒரு வாரக் குப்பையைத் தின்று, மழை பெய்த காட்டின் வாசனையோடு கறுப்பு எருவாகக் கொடுத்துவிடும். சத்தம் போடாது. கூலி கேட்காது. கியிம்பாவுக்குத் தெரிந்தவரை கிவாலுசாவில் வேலை செய்கிறவை அவை மட்டும்தான்.

இந்தப் பேசினைத்தான் பெண் வீட்டில் கேட்டார்கள்.

பெண் நபுக்கீரா, ஒன்றாம் வகுப்பு டீச்சர். அவள் அப்பா செபுங்கா, மாவட்ட எல்லைப் பாலத்துக்கு அந்தப்பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர். குவாஞ்சுலாவுக்கு, அதாவது மாப்பிள்ளை வீட்டார் சீர்வரிசையோடு போய்ப் பெண் கேட்கிற விழாவுக்கு, மற்ற அப்பாக்கள் பசுவும் சோபா செட்டும் கேட்கிற காலத்தில், அவர் கேட்டது ஒன்றுதான்.

"என் மண்ணு செத்துக் கிடக்கு. அந்தப் பையன் வளர்க்கிற புழுவைப் பேசினோட கொண்டாரச் சொல்லு. சனிக்கிழமை புழு வந்தா பொண்ணு போகும். வரலேன்னா, உரக்கடைக்காரன் ரெண்டு தடவை ஆள் அனுப்பிட்டான். மூணாவது தடவை வந்தா உட்காரச் சொல்லிடுவேன்."

திங்கட்கிழமை காலை கியிம்பா ஊர்க் கவுன்சில் சேர்மன் வசாஜாவிடம் போனான். சேர்மன் கடிதம் இல்லாமல் எந்த மாப்பிள்ளையும் எந்த ஊருக்கும் போவதில்லை. விழாவில் மாப்பிள்ளைக்காகப் பேசப்போவதும் சேர்மன்தான். அவர் தன் ரப்பர் சீலை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில், இதயத்துக்கு மேலே வைத்திருந்தார். கடிதத்தில் சீர்வரிசையை வரிசையாக எழுதினார். சர்க்கரை, சோப்பு, உப்பு, மச்சானுக்கு ஒரு சேவல், ஒரு பேசின் புழு. பேனா நின்றது.

"உயிரோடவா, செத்ததா?"

"உயிரோடதான் ஐயா. செத்த புழுவை வச்சு அவர் என்ன பண்ணுவார்?"

"கேட்டு எழுதணும்டா. அரைகுறை லெட்டருக்கு நான் சீல் வைக்கிறதில்ல." அடைப்புக்குறி போட்டு 'உயிருடன்' என்று எழுதி, சீலை ஊதி, குத்தினார். குத்திய பிறகு படித்துப் பார்த்தார். முகம் மாறியது.

"தப்பு பண்ணிட்டியேடா. கோமாரின்னு பாலத்துல தடை போட்டிருக்கான். உயிருள்ளது எதுவும் கால்நடை ஆபீஸ் சர்டிபிகேட் இல்லாமத் தாண்டக் கூடாது."

"அப்ப அந்த வார்த்தையை அடிச்சிடுங்க ஐயா."

"சீல் வச்சாச்சே!"

"சேவலும் உயிரோடதானே வருது? அதுக்கு எழுதலையே."

"சேவலை யாருடா உயிருன்னு நினைக்கிறான்? அது குழம்பு."

கால்நடை அலுவலகத்தில் நகிவாலா அம்மாள் உட்கார்ந்திருந்தார். படிவங்கள் அவர் பொறுப்பு. ஒரு பழைய படிவத்தைக் கூம்பாகச் சுருட்டி, அதில் வறுத்த வெட்டுக்கிளி வைத்துக் கொறித்துக்கொண்டிருந்தார். கடிதத்தை வாங்கிப் படித்தார்.

"தீனி போடுறியா?"

"போடுறேன் அம்மா."

"குட்டி போடுதா?"

"பெருகுது அம்மா."

"அப்ப கால்நடை." பதினேழாம் எண் படிவத்தை எடுத்தார். "கொம்பு உண்டா?"

"இல்லை."

"கொம்பு வெட்டப்பட்டது. காது வில்லை எண்?"

"காது இல்லை அம்மா."

"காது காணாமல் போனது. ஆணா, பெண்ணா?"

கியிம்பா தயங்கினான். "அது வந்து அம்மா, ஒவ்வொண்ணும் ரெண்டும்தான்."

வெட்டுக்கிளி வாய்க்குப் போகிற வழியில் நின்றது. முப்பது வருட உத்தியோகத்தில் கால்நடைகள் அவரை எட்டி உதைத்திருக்கின்றன, முட்டியிருக்கின்றன. இப்படி அவமானப்படுத்தியதில்லை. ஆனால் அவர் கலங்குகிறவர் அல்ல. "ரெண்டும்னா ரெண்டு கட்டத்துலயும் வரும். ஆண் பக்கம் ஒண்ணு, பெண் பக்கம் ஒண்ணு. மொத்தம் எத்தனை?"

"சுமார் ஆயிரம் இருக்கும்."

"சுமார்னு ஒரு மாடு கிடையாது தம்பி. நாளைக்குக் கொண்டா. எண்ணுவோம்."

போகிறபோது கியிம்பா கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டான். "வெட்டுக்கிளிக்குச் சர்டிபிகேட் வேணாமா அம்மா?"

"இது சாப்பாடு," என்றார் நகிவாலா அம்மாள். "சாப்பாட்டுக்கும் கால்நடைக்கும் வித்தியாசம் தெரியாதவன் எதுக்கு மந்தை வச்சிருக்கே?"

செவ்வாய்க்கிழமை எண்ணிக்கை நடந்தது. அலுவலகத்தின் நீள மேசையில் பேசினைக் கவிழ்த்தார்கள். இரண்டு உதவியாளர்கள் புழுவைப் பொறுக்கி வேறு பேசினில் போட்டார்கள். மிஞ்சிய கறுப்பு எருவைச் சாக்கில் அள்ளி, வாயைக் கட்டி, வராந்தாவில் தள்ளினார்கள். முதல் எண்ணிக்கையில் தொள்ளாயிரத்து எழுபது வந்தது. இரண்டாவதில் ஆயிரத்து அறுபது. வெளிச்சத்துக்குப் பயந்த சில புழுக்கள் மேசை விளிம்பில் இறங்கி, அலமாரிக் கோப்புகளுக்குள் போய்விட்டிருந்தன. அவற்றைத் தேடப்போனபோது பன்னிரண்டு வருடமாகத் தொலைந்திருந்த ஒரு கோப்பு கிடைத்தது. அலுவலகம் அதற்காக ஒரு மணி நேரம் தேநீர் குடித்தது.

ஓர் உதவியாளர் அளவுகோலை வைத்ததில் ஒரு புழு இரண்டாகிவிட்டது. நகிவாலா அம்மாள் அதையும் விடவில்லை. 'அரசுக் காவலில் பிறப்பு: ஒன்று' என்று எழுதினார்.

மாலையில் கணக்கு முடிந்தது. மொத்தம் ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு. ஆண் கட்டத்தில் ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு, பெண் கட்டத்தில் ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு. ஆக, இரண்டாயிரத்து இருநூற்று இருபத்து நான்கு கால்நடைகள். அன்று மாலை கியிம்பா மாவட்டத்திலேயே பெரிய மந்தைக்காரன் ஆனான். மாடு ஐந்நூறு வைத்திருந்த முன்னாள் அமைச்சர் ஒருவர் இரண்டாம் இடத்துக்கு இறங்கினார்.

"மந்தை இங்கேயே இருக்கட்டும்," என்றார் நகிவாலா அம்மாள். "டாக்டர் பார்க்கணும்."

டாக்டர் கட்டெண்டே புதன்கிழமை பதினொரு மணிக்கு வந்தார். ரப்பர் பூட்ஸ், வெள்ளை அங்கி, கழுத்தில் ஸ்டெதஸ்கோப். ஒரு புழுவை இடுக்கியால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். கோமாரி வந்தால் காலிலும் வாயிலும் புண் வரும் என்பதால் முதலில் காலைத் தேடினார். வெகுநேரம் தேடினார்.

"எழுதுங்கம்மா. நான்கு கால்களும் ஏற்கெனவே விழுந்துவிட்டன."

"ஐயா, அதுக்குக் கால் கிடையாது," என்றான் கியிம்பா.

"அதைத்தான் நானும் சொல்றேன். நோய் எவ்வளவு முத்தியிருந்தா ஒரு கால்கூட மிஞ்சாது? எல்லாத்துக்கும் இப்படியா?"

"பிறந்ததுல இருந்தே இப்படித்தான் ஐயா."

"பிறவிக் கோளாறு," என்றார் டாக்டர், கொஞ்சம் ஆறுதலாக. "அப்ப தொத்தாது." பிறகு புழுவின் உடம்பில் இருந்த வெளிறிய பட்டையைக் கவனித்தார். வளர்ந்த புழுவுக்கெல்லாம் இருக்கிற பட்டைதான். டாக்டர் கண்ணைச் சுருக்கினார். "இது என்ன வளையம்? எங்க ஆபீஸ் போட்டதில்லையே. எந்த மாவட்டத்துல திருடினே, தம்பி?"

கியிம்பா அது முட்டையிடுவதற்கான பட்டை என்று நிரூபிக்க இரண்டு மணி நேரம் ஆனது. கடைசியில் டாக்டர் நாற்காலியில் சாய்ந்து, மாவட்டத்துக்கே பேசுகிறவர்போலப் பேசினார்.

"இந்த ஆபீஸுக்கு நான் வந்தப்ப மாடு கண்டபடி செத்துக்கிட்டிருந்தது. எது எப்ப செத்ததுன்னு யாருக்கும் தெரியாது. இன்னைக்கு நெஞ்சை நிமிர்த்திச் சொல்றேன், என் காலத்துல ஒரு மாடுகூடச் சர்டிபிகேட் இல்லாமச் செத்தது கிடையாது. போன மாசம் தடுப்பூசி தீர்ந்துபோச்சு. கலங்கினேனா? இல்ல. ஊசி போட்டதாக் கையெழுத்து வாங்குற நோட்டு நிறைய இருந்தது. நோட்டு தீர்ந்திருந்தாத்தான் ஆபத்து."

உதவியாளர்கள் கை தட்டினார்கள். கியிம்பாவும் தட்டினான். சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது.

"எல்லாம் சரி," என்றார் டாக்டர். "ஒன்பதாம் விதி மட்டும் பாக்கி. குடற்புழு நீக்கம்."

கியிம்பா சிரித்தான். டாக்டர் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அவன் சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் முகத்திலேயே நின்றது.

"ஐயா, இதுவே புழு."

"தம்பி, நீ புழுவைப் பார்க்கிற. நான் விதியைப் பார்க்கிறேன். இடம் மாறும் எந்தக் கால்நடைக்கும் குடற்புழு நீக்க மருந்து கொடுத்திருக்கணும். 'புழு நீங்கலாக'ன்னு எங்கயாவது போட்டிருக்கா?"

"இல்ல ஐயா."

"போட்டிருந்தா கொடுக்க மாட்டேன். நான் ஈவிரக்கம் இல்லாதவன் இல்ல."

"மருந்து பட்டா எல்லாம் செத்துப்போகும் ஐயா."

"போகட்டுமே. ஆரோக்கியமாச் சாகும்."

"அப்ப எனக்குச் சர்டிபிகேட்டே வேணாம். பேசினைக் கொடுங்க, வீட்டுக்குக் கொண்டுபோறேன்."

நகிவாலா அம்மாள் பதிவேட்டைத் திறந்து காட்டினார். இரண்டாயிரத்து இருநூற்று இருபத்து நான்கு கால்நடைகள் இப்போது மை காய்ந்து அலுவலகத்தில் இருந்தன. வீட்டுக்குக் கொண்டுபோவதும் இடமாற்றம்தான். அதற்கும் ஒன்பதாம் விதி உண்டு. மருந்து கொடுக்கிற முகாம் வெள்ளிக்கிழமை என்று முடிவாயிற்று.

வியாழக்கிழமை மதியம் கியிம்பா அலுவலக வாசலில், அந்தப் பலகைக்குக் கீழே நின்று நபுக்கீராவுக்குப் போன் செய்தான். எல்லாவற்றையும் சொன்னான். அழுகிற கட்டத்துக்குக் கிட்டே வந்தபோது அவள் குறுக்கிட்டாள்.

"கொஞ்சம் நிறுத்து. ஆயிரம் எண்ண ஒரு நாள் முழுக்க ஆச்சா? என் ஒண்ணாங்கிளாஸ் வாண்டுங்களை அனுப்பியிருந்தா பெல் அடிக்கிறதுக்குள்ள எண்ணியிருக்கும்."

"உனக்கு விளையாட்டா இருக்கு. உரக்கடைக்காரன் சட்டை தேய்ச்சுக்கிட்டிருப்பான்."

"எத்தனை தேய்ச்சாலும் அவன் சட்டையில உர நாத்தம் போகாது, விடு. நான் ஒண்ணு கேக்கிறேன். புழுவைப் பொறுக்கினாங்களே, அந்த எருவை என்ன பண்ணாங்க?"

"சாக்குல கட்டி வராந்தாவுல போட்டிருக்காங்க."

"சலிச்சாங்களா?"

"அந்த அளவுக்கு வேலை செய்வாங்களா?"

"முதல் தடவை என்னைப் பார்க்க வந்தப்ப, காகிதத்துல மடிச்சு எதையோ கொடுத்தியே. நான் மோதிரம்னு நினைச்சுத் திறந்தேன்."

கியிம்பாவுக்குப் புரிந்தது. அவன் கொடுத்தது புழுவின் முட்டைக்கூடு. கடுகு அளவு, எலுமிச்சம்பழ உருவம், தேன் நிறம். ஒன்றுக்குள் இரண்டு மூன்று குஞ்சு இருக்கும். நன்றாக வளர்ந்த பேசினின் எருவில் அது நூற்றுக்கணக்கில் கிடக்கும்.

"சாக்கைத் தூக்கிட்டு வந்துடவா?"

"தூக்கினா திருட்டுன்னுவாங்க. கேட்டாப் படிவம்பாங்க. குத்தம் சொல்ற மாதிரிப் பேசு. ஆபீஸ்காரங்களுக்கு அது ஒண்ணுதான் காதுல ஏறும்."

கியிம்பா உள்ளே போனான். "அம்மா, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். என் மந்தையோட சாணி மூட்டை செவ்வாய்க்கிழமையில இருந்து உங்க வராந்தாவுலயே கிடக்கு. டாக்டர் பார்த்தா என்ன நினைப்பார்? அதை எந்தப் பதிவேட்டுல எழுதியிருக்கீங்க?"

நகிவாலா அம்மாள் எழுந்து நின்றார். "சாணியா? அது மேலயா மூணு நாளா என் குடையை வைக்கிறேன்?"

"ரெண்டாயிரத்துச் சொச்சம் கால்நடையோட சாணி அம்மா."

"இந்தத் துறைக்கும் சாணிக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது! இப்பவே எடுத்துட்டுப் போ!"

"சும்மா எப்படி எடுத்துட்டுப் போறது அம்மா? வழியில யாராவது கேட்டா?"

அவர் கோபத்தோடு உட்கார்ந்து, 'கழிவை உடனடியாக மாவட்ட எல்லைக்கு அப்பால் அகற்ற வேண்டும்' என்று உத்தரவு எழுதி, இரண்டு சீல் குத்தினார். ஒன்று உத்தரவுக்கு, ஒன்று குடைக்காக.

வெள்ளிக்கிழமை முகாம் சிறப்பாக நடந்தது. 'புழுவற்ற கிவாலுசா' என்று பேனர் கட்டியிருந்தார்கள். போட்டோக்காரர் வந்திருந்தார். ஒரு மாட்டுக்கு இவ்வளவு என்று பாட்டிலில் இருந்த அளவை டாக்டர் இரண்டாயிரத்து இருநூற்று இருபத்து நான்கால் பெருக்கினார். மாவட்டத்தின் அரைவருட மருந்து ஒரு பேசினில் இறங்கியது. புழுக்கள் ஒரு தரம் மொத்தமாக மேலே எழும்பின. கியிம்பா முகத்தைத் திருப்பிக்கொண்டான். இரண்டு வருடம் வாளி வாளியாகச் சுமந்து வளர்த்தவன் அவன். போட்டோக்காரர் அவனை மறுபடி திருப்பி, "பயனாளி சிரிங்க" என்றார்.

கால் மணி நேரம் கழித்து டாக்டர் பேசினைக் குச்சியால் கிளறிப் பார்த்தார்.

"பார்த்தியா தம்பி? நீ பயந்தியே. இப்ப இந்த மந்தையில ஒரு புழு உண்டா?"

"இல்ல ஐயா," என்றான் கியிம்பா.

பதினேழாம் எண் படிவமே சான்றிதழானது. அதில் ஏழு சீல்கள் இருந்தன. 'மேற்படி கால்நடைகள் புழு அற்றவை, அமைதியானவை, பயணத்துக்கு முழுத் தகுதி உடையவை' என்று எழுதி, ஒரு மூலை முழுக்க அடைக்கும்படி டாக்டர் கட்டெண்டே கையெழுத்துப் போட்டிருந்தார்.

சனிக்கிழமை காலை வாடகை வேன் பாலத்தில் நின்றது. கியிம்பா வெள்ளைக் கன்ஸு அங்கியில், மடியில் பேசினோடு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் சேர்மன். சேர்மனின் கக்கத்தில் சேவல். போலீஸ்காரர் சான்றிதழை இரண்டு தரம் படித்தார்.

"ஆண் ஆயிரத்து நூத்திப் பன்னெண்டு சரி. பெண்ணெல்லாம் எங்க?"

"ஆணுக்குள்ளதான் இருக்கு ஐயா."

போலீஸ்காரர் பேசினுக்குள் எட்டிப் பார்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டார். "செத்திருக்கே?"

"ஆமாங்க ஐயா."

"அப்ப பிரச்சினையில்ல. உயிரோட இருந்தாத்தான் நிறுத்தச் சொல்லியிருக்கு. மூட்டையில?"

உத்தரவை நீட்டினான். போலீஸ்காரர் மூட்டையைத் தடியால் ஒரு குத்துக் குத்திவிட்டு வழி விட்டார். சேவல் வழி முழுக்கக் கூவிக்கொண்டுதான் வந்தது. அது உயிரோடு இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை.

செபுங்கா வீட்டு முற்றத்தில் பந்தல். ஒருபக்கம் பெண் வீட்டார், எதிரே மாப்பிள்ளை வீட்டார். நடுவில் பாய் விரித்து, சீர்க் கூடைகளை வரிசையாக இறக்கினார்கள். வழக்கப்படி மாப்பிள்ளை வாய் திறக்கக் கூடாது. சேர்மன் எழுந்து சான்றிதழை இருகையாலும் உயர்த்திப் பிடித்தார்.

"பெரியவர் ஒரு பேசின் கேட்டார். நாங்க ஏழு சீலோட கொண்டாந்திருக்கோம். இந்தப் பக்கத்துல எந்த மாப்பிள்ளை இரண்டாயிரத்து இருநூத்தி இருபத்து நாலு கால்நடையோட வந்திருக்கான்? சொல்லுங்க!"

பந்தலில் கை தட்டல் எழுந்தது. செபுங்கா பாயருகே வந்து, பேசினைப் பார்த்தார். கை தட்டல் நின்றது.

"இது என்ன, நூடுல்ஸா?"

"சர்டிபிகேட் பாருங்க பெரியவரே."

"சர்டிபிகேட்டை என் காப்பிச் செடி தின்னுமா? புழு கேட்டேன், பிணம் கொண்டாந்திருக்கீங்க. எழுந்திரிங்க. மச்சான் சேவலையும் எடுத்துட்டுப் போங்க."

பெண் வீட்டு வரிசையின் பின்னால் நபுக்கீரா முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். வழக்கப்படி அவளும் பேசக் கூடாது. அவள் ஒருமுறை இருமினாள். வேண்டுமென்றே இருமுகிற இருமல் எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.

கியிம்பா எழுந்தான். வாய் திறக்காமலே மூட்டையின் கட்டை அவிழ்த்து, புதுப் பாயின் நடுவில், சர்க்கரைக் கூடைக்கும் சோப்புக்கும் இடையே, கறுப்பு எருவைக் கொட்டினான். பெண்கள் பட்டு உடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். செபுங்கா திட்ட வாயெடுத்தார். வாசனை முதலில் மூக்குக்குப் போய்விட்டது. அவர் குனிந்தார். ஒரு கை அள்ளினார். விரலால் நெருடி, தேன் நிறத்தில் ஒரு கடுகை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தார். உள்ளே சிவப்பாக ஒரு நூல் அசைந்தது.

அதைப் பத்திரமாக எருவிலேயே திரும்ப வைத்தார். பிறகு வழக்கத்தை மீறி மாப்பிள்ளையையே நேராகக் கேட்டார்.

"இதுல எத்தனை இருக்கு?"

"எண்ணல மாமா."

"எண்ணாத," என்றார் செபுங்கா. "எண்ணினதுதானே அங்க கிடக்கு." நிமிர்ந்து, பெண் இருந்த பக்கம் பார்த்து, "இருமினது போதும், எழுந்து வா," என்றார்.

எருவை ஒரு மரத் தொட்டியில் போட்டு, நிழலில் வைத்தார்கள். குஞ்சு பொரிக்கிறவரை மேலே ஈரக் காகிதம் மூடவேண்டும். சுற்றிலும் பார்த்ததில் நல்ல கெட்டிக் காகிதம் ஒன்றுதான் இருந்தது. சேர்மன் கையிலிருந்து மாமனார் அதை வாங்கிக்கொண்டார். சேர்மன் கடைசிவரை ஒரு முனையைப் பிடித்திருந்தார். தண்ணீரில் நனைத்ததும் விட்டுவிட்டார்.

மூன்று வாரத்தில் புழு பொரித்தது. அதே வாரம் குடற்புழு நீக்கத்தில் முதலிடம் பிடித்ததற்காக டாக்டர் கட்டெண்டேவுக்குக் கேடயம் கொடுத்தார்கள். மாவட்டத்தின் கால்நடைக் கணக்கில் இரண்டாயிரத்து இருநூற்று இருபத்து நான்கு இன்றும் அப்படியே இருக்கிறது.

மரத் தொட்டியில் பதினேழாம் எண் படிவம் கொஞ்சம் கொஞ்சமாக எருவானது. முதலில் கொம்பு, காதுக் கட்டங்கள் போயின. பிறகு ஆண், பெண். ஏழு சீலும் ஒவ்வொன்றாக மறைந்தன. டாக்டரின் கையெழுத்து இருந்த மூலையை மட்டும் புழுக்கள் தொடவில்லை. முட்டை ஓடு, அழுகிய கோஸ், பழைய சாக்கு எல்லாம் தின்கிற ஜென்மங்கள்தான். இருந்தாலும் புழுவுக்கும் ஒரு தரம் இருக்கிறது.